பனையேறிக்கு ஆதாரம் என்ன?

இந்தப் பதிவை ஒரு தப்பை ஒத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

2012 வாக்கில், ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு வேலை வைத்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து எழுதுகிற இணைய அகராதி ஒன்றில் விலங்குகளின் பெயர்களைச் சேர்ப்பது. பறவை, பாம்பு, மீன் என்று ஆங்கிலப் பட்டியலை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, மறுபக்கம் தமிழ்ச் சொல்லை இட்டுக்கொண்டே போவேன். ஒரு ராத்திரிக்கு இருபது, முப்பது பதிவு. எண்ணிக்கை ஏற ஏற ஒரு சந்தோஷம். பக்கத்தில் சொல் இல்லாமல் வெற்றிடம் இருந்தால் எனக்குப் பொறுக்காது. தமிழ்ப் பெயர் தெரியாத இடங்களில் ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து இட்டுவிடுவேன்.

அப்படி இட்டதில் ஒன்று 'கிளைம்பிங் பெர்ச்' என்ற மீன். 'ஏறும் கெண்டை' என்று எழுதினேன். முப்பது வினாடி ஆகியிருக்கும். சேமித்துவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விட்டேன்.

ஆறு வருஷம் கழித்து, ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பக்கத்துக்குப் படம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எட்டிப் பார்த்தார்.

"இது பனையேறிடா."

"பனையேறியா?"

"ஆமா. மழ பேஞ்சா வாய்க்காலேர்ந்து வரப்பு மேல ஏறி நடந்து வரும். செவுள்ல முள்ளு இருக்கும், கையக் கிழிச்சிடும். ஒங்க தாத்தா சாம்பல் போட்டுத் தேச்சுக் குடுப்பாரு."

அம்மா பிறந்தது செம்பனார்கோவில் பக்கம். காவிரிக் கடைமடை. அங்கிருந்து கிழக்கே போனால் தரங்கம்பாடி. இந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அன்றைக்கே அகராதியைத் திறந்து 'பனையேறி' என்று தேடினேன். பக்கம் ஏற்கெனவே இருந்தது. பொருள் ஒன்றே ஒன்று: பனை ஏறும் தொழிலாளி. இரண்டாவது பொருளாக மீனைச் சேர்த்தேன். இரண்டே நாளில் பேச்சுப் பக்கத்தில் சக பங்களிப்பாளர் ஒருவர் கேட்டிருந்தார்: "இந்தப் பொருளுக்கு ஆதாரம் உண்டா?"

முதலில் சுருக்கென்று இருந்தது. நான் உட்கார்ந்த இடத்தில் செய்த 'ஏறும் கெண்டை' ஆறு வருஷம் யாரும் கேட்காமல் ஜம்மென்று இருந்தது. அம்மா வாயிலிருந்து வந்த சொல்லுக்கு இரண்டு நாளில் ஆதாரம் வேண்டியிருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் கேட்டவர் செய்தது சரி. "எங்க அம்மா சொன்னாங்க" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அகராதி அதை எப்படிச் சரிபார்க்கும்? அவர் என் முதல் பதிவிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். சரி, ஆதாரம் தேடுவோம் என்று கிளம்பினேன். ஒரு வார வேலை என்று நினைத்தேன். இன்னும் முடியவில்லை.

1791, தரங்கம்பாடி

தேடல் நேரே லண்டனுக்குப் போனது. 1797இல் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் ஒரு சின்னக் கட்டுரை. எழுதியவர் டால்டோர்ஃப், டேனிஷ் சேவையில் லெப்டினன்ட். தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் கையில் இருந்தது. 1620இல் டேன்ஸ்போர்க் கோட்டை கட்டியதிலிருந்து 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றதுவரை, இடையில் கொஞ்ச காலம் தவிர, அவர்களுடைய ஊர்தான்.

டால்டோர்ஃப் சொல்வது இது. 1791 நவம்பரில், தரங்கம்பாடியில், ஒரு குளத்தங்கரைப் பனைமரத்தின் பிளவில் ஒரு மீனைப் பிடித்தார். தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் ஐந்து அடி உயரத்தில் அது இருந்தது. செவுள் மூடியில் இருக்கும் முட்களை மரத்தில் ஊன்றி, வாலை வளைத்து, மேலே போக முயன்றுகொண்டிருந்தது. அவர் இதற்கு 'பெர்க்கா ஸ்கேண்டன்ஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் ஸ்கேண்டன்ஸ் என்றால் ஏறுகிற என்று பொருள். 'கிளைம்பிங் பெர்ச்' என்ற ஆங்கிலப் பெயரும் இதே பொருளைத்தான் சொல்கிறது. அதாவது நான் 2012இல் மொழிபெயர்த்தது ஒரு தரங்கம்பாடிச் செய்தியின் ஐரோப்பிய வடிவத்தை!

அதே காலத்தில் அதே ஊரில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானிய மதபோதகரும் இந்த மீனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த ஐரோப்பிய மீன் நூல்கள் தமிழ்ப் பெயரையும் பொருளோடு எழுதிவைத்திருக்கின்றன: பனைஏறி, பனைமரத்தில் ஏறுவது.

கவனியுங்கள். டால்டோர்ஃப் 1791இல் பார்த்து ஆச்சரியப்பட்ட செய்தி, அந்த ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே ஒரு பெயராகவே இருந்தது. பார்த்துப் பார்த்துப் பழகி, சொல்லாகவும் ஆகிவிட்ட விஷயம் அது.

இந்த மீன் நிஜமாகவே பனை ஏறுமா என்று பின்னாளில் பெரிய விவாதமே நடந்தது. காக்கையோ பருந்தோ தூக்கிக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கும் என்றவர்கள் உண்டு. வரப்பு ஏறுவது பற்றிச் சந்தேகமில்லை. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருப்பதால் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் தாங்கும், செவுள் முள்ளை ஊன்றித் தரையில் நகரும். அம்மா சொன்னது அப்படியே சரி.

ஆனால் அறிவியல் பெயரில் இந்த 'ஏறுகிற' இன்றைக்கு இல்லை. 1792லேயே பெர்லினில் ஒருவர் இதே மீனுக்கு 'டெஸ்டுடினியஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். ஆமை போன்றது என்று அர்த்தம். உயிரினப் பெயரிடலில் முதலில் அச்சேறியது எதுவோ அதுவே செல்லும் என்பது விதி. டால்டோர்ஃப் ஐந்து வருஷம் லேட். அதற்கு அப்புறமும் வெகு காலம் 'அனபாஸ் ஸ்கேண்டன்ஸ்' என்றே பலரும் எழுதிவந்தாலும், கடைசியில் 'அனபாஸ் டெஸ்டுடினியஸ்' நிலைத்தது. பனையேறி ஆமையிடம் தோற்றது.

பெர்லின் டாக்டரும் தரங்கம்பாடி மீனும்

அந்த பெர்லின்காரர் யார்? மார்க்குஸ் எலீசர் ப்ளோக். 1723இல் பிறந்த யூத மருத்துவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மீன் பைத்தியம் பிடித்தது. 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு பகுதிகளாக, 432 வண்ணப் படங்களோடு, மீன்களின் இயற்கை வரலாற்றை வெளியிட்டார். முதல் மூன்று பகுதி ஜெர்மானிய மீன்கள், மீதி ஒன்பது வெளிநாட்டு மீன்கள். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நம்மூர் மீன்கள் அவரிடம் போயின.

அனுப்பியவர்களில் முக்கியமானவர் மேலே சொன்ன ஜான். 1771இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1813இல் சாகும்வரை இந்தப் பக்கத்தில்தான் இருந்தார். மீனைப் பதப்படுத்தி அனுப்பும்போது ஊர்ப் பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறார். அது ப்ளோக்கின் புத்தகத்தில் ஏறியது. ப்ளோக் சேகரித்த மீன்களில் ஒரு பகுதி இன்றும் பெர்லின் இயற்கை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உதாரணத்துக்கு இரண்டு. 1793இல் ப்ளோக் இரண்டு பாம்புத்தலை மீன்களை விவரித்தார். ஒன்று உடலில் கோடு போட்டது, இன்னொன்று புள்ளி வைத்தது. லத்தீனில் 'கோடுள்ள', 'புள்ளியுள்ள' என்று பெயர். கூடவே ஊர்ப் பெயர்கள்: 'வ்ரால்', 'கர்ருவெய்'. பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேத் கொஞ்ச காலத்துக்குள் தன் மீன் நூலில் இந்த ஊர்ப் பெயர்களையே எடுத்துப் பிரெஞ்சுப் பெயர்களாக்கினார். பாரிஸ் நகரத்துப் புத்தகத்தில் நம்ம விராலும் குறவையும்!

'வ்ரால்' என்பதைப் பாருங்கள். அகராதியைப் பார்த்து எழுதியிருந்தால் 'விரால்' என்றோ 'வரால்' என்றோ முழுசாக வந்திருக்கும். இது காதால் கேட்டது. கரையில் நின்று "இது என்ன?" என்று கேட்டபோது யாரோ வேகமாகச் சொன்ன ஒலி.

லத்தீனுக்குள் போன தமிழ்

விராலும் குறவையும் ஊர்ப் பெயராக மட்டும் நின்றுவிட்டன, அறிவியல் பெயரில் ஏறவில்லை. வேறு சில ஏறின. இவைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

முதலாவது, 'வல்லாகோ அட்டு'. கல்லூரிக் காலத்தில் நாம் சொல்லித் திரிந்த 'அட்டு' இல்லை இது. ப்ளோக் 1799இல் இறந்தபின் ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்ட நூலில் இது வருகிறது. 'அட்டு' என்பது ஆற்று. ஆற்று வாளையின் முதல் பாதி. எழுதினால் 'ஆற்று', பேசினால் 'ஆத்து'. முன்பாதியான 'வல்லாகோ' தெலுங்கு. பேட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூற்றைப் படத்தோடு தெலுங்குப் பெயரிலேயே 1803இல் வெளியிட்டார். அதில் இந்த மீனின் பெயர் வாலுகா. அது பிரெஞ்சு நூல் வழியாகப் போய், 1851இல் ஜாவாவிலிருந்த டச்சு மருத்துவர் ப்ளீக்கர் கையில் பேரினப் பெயரானது. வாலுகாவும் வாளையும் ஒரே திராவிட வேரின் பிள்ளைகள். ஆக முன்பாதி தெலுங்கு, பின்பாதி தமிழ். இரண்டு மொழிகளும் ஒரே மீனின் பெயரில் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டாவது, 'மாக்ரோக்நாத்தஸ் ஆரல்'. இதுவும் 1801, தரங்கம்பாடி. விளக்கமே வேண்டாம், ஆரல் ஆரல்தான். குறுந்தொகை 25ஆம் பாட்டில், தலைவனும் தலைவியும் சேர்ந்தபோது சாட்சியாக இருந்தது ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகு மட்டும் என்று கபிலர் பாடிய அதே மீன் பெயர். சங்கப் பாட்டில் இருந்த சொல், கரையோர வாயில் அழியாமல் இருந்து, எழுத்து மாறாமல் லத்தீனில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது, 'ஜோனியஸ் கருட்டா'. ப்ளோக், 1793. கருத்த கத்தாளை என்ற பெயரின் முதல் பாதி இது. ஆங்கிலத்திலும் இன்றுவரை இதற்கு 'கருட் குரோக்கர்' என்றே பெயர். கறுத்தவா கருத்தவா, எந்த ர போடுவது என்று நமக்குள் சண்டை வரும். லத்தீனில் அந்தப் பிரச்சினை இல்லை!

இந்த மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு முழுமையாகக் கொண்டுவந்தார் என்று படித்திருப்போம். பேரினம் ஒன்று, அதற்குள் வேறுபடுத்திக் காட்ட ஒரு அடைமொழி. நம் மீனவர்கள் பெயர் வைக்கிற முறையும் இதுதானே? வாளை என்றால் ஒன்றல்ல. ஆற்று வாளை ஒன்று. கடலில் ரிப்பன் மாதிரி நீளமாகப் பளபளப்பது ஓலை வாளை. முள் நிறைந்தது முள்ளு வாளை. உயிரியல்படி மூன்றும் வெவ்வேறு குடும்பங்கள். நீளமாக, வாள் மாதிரி இருப்பதை வைத்து ஒரு தலைப்பின் கீழ் சேர்த்து, பிறகு அடைமொழியால் பிரித்திருக்கிறார்கள். லத்தீனுக்குப் போனபோது அந்த அடைமொழி மட்டும் கழன்று, இனப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஆற்று, கருத்த. லத்தீன்காரர்களுக்கு அது வெறும் ஒலி. நமக்கு இன்னும் உயிரோடு இருக்கும் சொல்.

இன்னொன்றும் தோன்றியது, இது கொஞ்சம் உறுத்தலான விஷயம். 'ஜோனியஸ்' என்பது ஜானைக் கௌரவிக்க ப்ளோக் வைத்த பெயர். மீனை அனுப்பிய பாதிரியாரின் பெயர் முன்னால். பின்னால், பெயரைச் சொல்லித் தந்த மீனவரின் சொல். அந்த மீனவர் யார்? ஆணா, மீன் விற்ற பெண்ணா? எங்கும் இல்லை. சொல் மட்டும் இருக்கிறது, சொன்னவர் இல்லை. 230 வருஷத்துக்கு அப்புறம் நான் அம்மாவின் சொல்லை அகராதியில் ஏற்றியபோது செய்ததும் அதையேதான். எங்கே கேட்டது, எந்த வட்டாரம், எதுவுமே எழுதவில்லை. அதனால்தான் ஆதாரம் கேட்டார்கள்.

'ஒருவகை மீன்'

நடுவில் இன்னொரு கட்டம் இருக்கிறது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். ஒவ்வொரு மீனுக்கும் கீழே தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று கிடைத்த பெயர்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறார். பனையேறியும் உண்டு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பல மீன்களுக்கு நிறம், எத்தனை அங்குலம் வளரும், அறிவியல் பெயர் என்று ஆங்கிலத்தில் விளக்கம் தருகிறது. பக்கத்தில் தமிழில் பார்த்தால் 'மீன்வகை', 'கடல்மீன்வகை' என்று முடிந்துவிடும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு எந்த மீன் என்று தெரியாது.

இணைய அகராதிகள் பழைய அகராதிகளின் தோளில் ஏறி வந்தவை. அதனால் இந்த 'ஒருவகை மீன்', 'ஒருவகைப் பறவை' எல்லாம் அப்படியே ஏறிவிட்டன. கூடவே காலாவதியான அறிவியல் பெயர்களும். விராலைப் பழைய நூல்களில் 'ஓபியோசெபாலஸ்' என்ற பேரினத்தில் பார்க்கலாம். 1777லேயே ஸ்கோபோலி வைத்த 'சன்னா' என்ற பெயர் முந்தியது என்பதால், இப்போது விரால் 'சன்னா ஸ்ட்ரையேட்டா'. பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், இன்றைய மீன் ஆய்வு எதோடும் அந்தப் பக்கம் இணையாது.

நான் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன். எனக்கு இது இப்படித்தான் புரிந்தது. ஊர்ப் பெயரை பிரைமரி கீ ஆக வைக்க முடியாது. ஒரு பெயருக்குப் பல மீன், ஒரு மீனுக்குப் பல பெயர். அறிவியல் பெயரைத்தான் கீ ஆக வைக்க வேண்டும், அதுவும் மாறும் என்பதால் பழைய பெயர்களையும் தேடினால் கிடைக்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும். ஊர்ப் பெயர் ஒவ்வொன்றும் அதோடு இணைக்கப்படும் தனி வரி. அந்த வரியில் சொல் மட்டும் இருந்தால் போதாது. எந்த ஊர், எந்த ஆண்டு, நூலா பேச்சா என்பதும் இருக்க வேண்டும்.

1952இன் இரண்டு பெயர்கள்

"அப்படியென்றால் புதுப் பெயரே வைக்கக் கூடாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வைக்கலாம். ஆனால் மக்கள் எப்படி வைக்கிறார்கள் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு ஒரு ஆப்பிரிக்க மீன் வந்தது, திலேப்பியா. குளம் குட்டையெல்லாம் பரவியது. தமிழில் பெயரே இல்லாத மீன். கலைச்சொல் குழு எதுவும் கூடவில்லை. சந்தையில் திலேப்பியா 'ஜிலேபி' ஆனது, உருவத்தைப் பார்த்து 'கெண்டை' சேர்ந்தது. ஜிலேபிக் கெண்டை. அடைமொழி முன்னால், வகை பின்னால். ஆற்று வாளை, கருத்த கத்தாளை போட்ட அதே அச்சு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த மீன் கடையிலும் இந்தப் பெயர் செல்லும். சிரித்துவிட்டு ஒதுக்க வேண்டிய பெயர் அல்ல இது. அகராதியில் கௌரவமாக இடம்பெற வேண்டியது.

அதே 1952இல்தான் இந்தியாவில் சீட்டா அற்றுப்போய்விட்டதாக அரசு அறிவித்தது. அதற்குத் தமிழில் சிவிங்கி என்ற பெயர் பழைய அகராதிகளில் இருக்கிறது. விலங்கு போனதும் பெயரும் வாயிலிருந்து போய்விட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்கள் குனோவுக்கு வந்தபோது, செய்திகள் பலவற்றில் 'சிறுத்தை' என்று வந்தது. சிறுத்தை நம்ம காட்டிலேயே இருக்கிற வேறு விலங்கு. "சிறுத்தைகள் எழுபது வருஷத்துக்குப் பிறகு இந்தியா வந்தன" என்று படிக்கிற பிள்ளை, வால்பாறையில் சிறுத்தை நடமாட்டம் என்ற செய்தியை எப்படிப் புரிந்துகொள்ளும்? சிவிங்கி என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லைக் காப்பாற்றி வைத்திருந்தது அகராதிதான்.

இன்னொன்று ஆவுளியா. அதே 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டருக்குக் காப்பகம் அறிவித்தார்களே, அந்தக் கடற்பசு. 'கடற்பசு' தவறில்லை, புரிகிறது, எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் பாக் நீரிணைக் கரையில் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் ஆவுளியா என்பார்கள். வலையில் சிக்கியதை விட்டுவிடச் சொல்லி அவர்களிடம்தான் பேசப்போகிறோம். அவர்கள் சொல் அகராதியில் இல்லாவிட்டால், அவர்கள் அறிவும் கணக்கில் இல்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது என்ன செய்கிறேன்

ஒரு ராத்திரிக்கு முப்பது பதிவு என்ற காலம் போய்விட்டது. இப்போது மாதத்துக்கு நாலைந்து உருப்படியாக வந்தால் அதிகம். ஒவ்வொரு விலங்குக்கும் மூன்று கேள்வி வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, இது எந்த உயிரினம்? இன்றைய அறிவியல் பெயர், பழைய பெயர், படம். 'ஒருவகை மீன்' என்று விடுவதில்லை. உறுதியாகத் தெரியாவிட்டால் கெளுத்தி என்றோ கெண்டை என்றோ குழு அளவில் நிறுத்திக்கொள்வேன்.

இரண்டு, இந்தப் பெயரை யார் சொல்கிறார்கள்? நூலில் இருந்தால் நூலும் ஆண்டும். பேச்சில் கேட்டால் ஊரும் ஆண்டும். சொன்னவர் சம்மதித்தால் அவர் தொழிலும். மீன் விற்பவர், வலை இழுப்பவர், வயல்காரர். ஒரே மீனுக்குப் பழவேற்காட்டில் ஒரு பெயரும் தூத்துக்குடியில் ஒரு பெயரும் இருந்தால் இரண்டும் இருக்கட்டும். எது 'சரியான தமிழ்' என்று தீர்ப்புச் சொல்ல அகராதிக்கு வேலை இல்லை.

மூன்று, இது நாமாகச் செய்த பெயரா? அப்படியானால் 'புத்தாக்கம்' என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். பென்குயினுக்கும் கங்காருவுக்கும் நம்மூர் மீனவரிடம் பெயர் கிடைக்காது, அங்கே ஒலிபெயர்ப்போ புதுச் சொல்லோ வைப்பதில் தப்பே இல்லை. நம் வாய்க்காலில் நீந்துகிற மீனுக்கு, கேட்காமலே ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பதுதான் தப்பு. நான் செய்தது அதுதான்.

பேச்சுப் பக்கத்தில் கேட்ட அந்த நண்பருக்கு டால்டோர்ஃப், ஜான், பிரான்சிஸ் டே என்று வரிசையாக எழுதிப் பதில் போட்டேன். "அருமை, நன்றி" என்று எழுதினார். பனையேறிக்கு இரண்டாவது பொருள் நிலைத்தது. அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று புரிந்தது. நான் ஆதாரமாகக் கொடுத்த 1797ஆம் வருஷமும் ஜானும் எல்லாமே, கடைசியில் தரங்கம்பாடியில் யாரோ ஒருவர் வாயால் சொன்னதில்தான் போய் முடிகிறது. அம்மா சொன்னதற்கும் அதற்கும் வித்தியாசம், அது அச்சேறி 200 வருஷம் ஆகிவிட்டது என்பது மட்டும்தான். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து எழுதினேன். கீழ்வரியில் இப்படி இருக்கிறது: "செம்பனார்கோவில் வட்டாரம், பேச்சு வழக்கு, 2018."

'ஏறும் கெண்டை'யை என்ன செய்வது? நீக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்குள் அது என் கையை விட்டுப் போய்விட்டது. போன வருஷம் என் பெண்ணின் வகுப்பில் ஒரு பையன் கொண்டுவந்த சார்ட்டில், அழகான கையெழுத்தில், வண்ண ஸ்கெட்ச்சில், 'ஏறும் கெண்டை' என்று இருந்தது. எங்கிருந்து எடுத்தான் என்று நான் கேட்கவில்லை. நீக்கினால், அந்தப் பையன் தேடி வரும்போது ஒன்றும் இருக்காது. அதனால் பக்கத்தை வைத்துக்கொண்டு, 'புத்தாக்கம், 2012. மக்கள் வழக்கு: பனையேறி' என்று எழுதி இணைப்புக் கொடுத்திருக்கிறேன். என் தப்பும் அந்த மீனின் வரலாற்றில் ஒரு வரியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பெர்லின், லண்டன், லத்தீன், எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதுக்கா இவ்ளோ நாளு? என்ன மொதல்லயே கேட்டிருக்கலாமே."

இந்தப் பதிவைப் படிப்பவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு அம்மாவோ, சித்தப்பாவோ, தெருவில் மீன் கொண்டுவரும் அக்காவோ இருப்பார்கள். அடுத்த தடவை ஒரு பெயரைக் கேட்டால், ஊரையும் சேர்த்து ஒரு வரி எழுதிவையுங்கள். அகராதியில் ஏற்றத் தெரியாவிட்டால் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள், நான் ஏற்றுகிறேன். ஆதாரம் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.